திரும்பி வந்த மூவர்

பயணச்சீட்டுச் சாளரத்தின் பின்னே அமர்ந்து பணிபுரிவோர்க்கு, மனிதரின் முகம் தெரிவதற்கு முன்னர் அவர்தம் கை தெரியும். கண்ணாடியின் அடியிலுள்ள சிறு திறப்பின் வழியாக ஒரு கை நுழையும். பணத்தையோ படிவத்தையோ வைக்கும். சீட்டைப் பெற்றுக்கொண்டு மறையும். நாம் பணியாற்றும் ஜான்சி நகரில் படைமுகாம் உண்டு. ஆதலின் அக்கைகளுள் பல, படைவீரர்களின் கைகள். அவை நீட்டுவது இராணுவ வாரண்டு. அதனை வாங்கிப் பதிந்து, சீட்டைக் கொடுத்து, அடுத்தவரை அழைப்பதே நம் வேலை. அவ்வீரர் எந்த ஊருக்குச் செல்கிறார் என்பது நமக்குத் தெரியும். அவ்வூரில் அவருக்கு என்ன காத்திருக்கிறது என்று நெடுங்காலம் நாம் எண்ணிப் பார்த்ததில்லை.

அவ்வாறு எண்ணிப் பார்க்கச் செய்தது ஓர் அமெரிக்கத் திரைப்படம். அதன் பெயர் ‘தி பெஸ்ட் இயர்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’. ‘நம் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகள்’ என்று தமிழில் கூறலாம். 1946 நவம்பரில் வெளிவந்த கறுப்பு வெள்ளைப் படம் அது. சில ஆண்டுகளுக்கு முன் நம் அலுவலகத்து மூத்த நண்பர் ஒருவர் அதன் குறுந்தகட்டை இரவலாகத் தந்தார். நம் ஆங்கிலம் மெட்ரிகுலேஷன் அளவினதே. எனினும் உரையாடல் படத்தின் அடியில் எழுத்தாகவும் ஓடியமையால் தொடர்ந்து செல்ல முடிந்தது. ஏறத்தாழ மூன்று மணி நேரம் ஓடும் படத்தை இடையில் எழாமல் பார்த்தோம். அதன்பின் ஆண்டுக்கொருமுறையேனும் அதனைக் காண்பது நம் இல்லத்தில் வழக்கமாகிவிட்டது.

இப்படத்தின் விதை ஒரு பத்திரிகைச் செய்தி. 1944-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ‘டைம்’ என்னும் வார இதழில், போர்முனையிலிருந்து ஊர் திரும்பும் வீரர்கள் வீட்டு வாழ்வில் ஒன்ற இயலாமல் தடுமாறுவதைப் பற்றி ஒரு கட்டுரை வந்தது. பட அதிபர் சாமுவேல் கோல்ட்வினின் மனைவியார் அதைப் படித்துவிட்டுக் கணவரிடம் காட்டினார். போர் முடியுமுன்னரே அவர் மக்கின்லி காண்டர் என்ற எழுத்தாளரைக் கொண்டு கதை எழுதச் செய்தார். காண்டரோ அக்கதையைச் செய்யுள் நடையில் எழுதிக் கொடுத்தார்! அதனைத் திரைக்கேற்ற நாடகமாக அமைத்தவர் ராபர்ட் ஷெர்வுட். படத்தை இயக்கிய வில்லியம் வைலரும் போருக்குச் சென்று திரும்பியவரே. குண்டு வீசும் விமானங்களில் தாமே பறந்து விமானப் படைக்காகச் செய்திப்படங்கள் எடுத்தவர். அப்பணியிலேயே செவிப்புலனைப் பெரும்பாலும் இழந்தவர். போரைப் பற்றி ஒரு துப்பாக்கி வெடிக்கும் காட்சிகூட இல்லாத ஒரு போர்ப் படத்தை அவர் எடுத்தது வியப்பன்று.

கதை தொடங்குவதே ஒரு சீட்டுச் சாளரத்தில்தான். ஃப்ரெட் டெர்ரி என்பவன் விமானப்படைக் காப்டன். நெஞ்சு நிறையப் பதக்கப் பட்டைகள். பூன் சிட்டி என்னும் தன் ஊருக்குச் செல்ல விமானச் சீட்டுக் கேட்கிறான். பல நாட்களுக்கு இடமில்லை என்கிறாள் எழுத்தர்ப் பெண். அப்பொழுதே ஒரு செல்வர் வருகிறார். அவருக்குச் சீட்டு முன்னரே ஆயத்தமாக இருக்கிறது. அவருடைய கோல்ஃப் மட்டைகள் எடை மிகுதி; அதற்கும் பணத்தைக் கட்டிவிட்டுச் செல்கிறார். ஒரு நிமிடக் காட்சி. அதில் யாரும் யாரையும் இகழவில்லை. எழுத்தர்ப் பெண்ணும் தன் கடமையையே செய்தாள். ஆயினும் அச்சாளரத்தின் உட்புறத்தில் அமர்ந்து பழகிய நமக்கு, முதன்முறை பார்த்தபோது முகம் சிவந்தது.

பின்னர் இராணுவ விமானம் ஒன்றில் அவனுக்கு இடம் கிடைக்கிறது. அங்கே அதே ஊருக்குத் திரும்பும் வேறு இருவரைச் சந்திக்கிறான். ஒருவர் ஆல் ஸ்டீபன்சன், காலாட்படைச் சார்ஜண்டு, நடுவயதினர், மனைவி மக்கள் உடையவர். மற்றவன் ஹோமர் பாரிஷ் என்னும் இளைஞன்; கடற்படையினன். கப்பல் எரிந்தபோது இரு கைகளையும் இழந்தவன். கைகள் இருந்த இடத்தில் இப்பொழுது இரும்புக் கொக்கிகள். பயணப் பதிவேட்டில் கையொப்பமிட வேண்டிய இடத்தில், தான் எழுதித் தருவதாக எழுத்தர் முன்வருகிறார். ஹோமர் அதனை மறுத்து, கொக்கியால் பேனாவைப் பற்றித் தன் பெயரைத் தானே எழுதுகிறான்.

விமானத்தின் கண்ணாடி மூக்கினுள் மூவரும் படுத்தபடி தம் ஊரை வானிலிருந்து காண்கின்றனர். கீழே சிலர் கோல்ஃப் ஆடிக்கொண்டிருக்கின்றனர், உலகில் ஒன்றுமே நடவாதது போல. ஊரை நெருங்கியதும், போருக்குச் செய்து இனி வேண்டாமென்று ஒதுக்கப்பட்ட விமானங்கள் வரிசை வரிசையாகக் கிடப்பதைப் பார்க்கின்றனர். பிறகு ஒரே வாடகைக் காரில் ஏறுகின்றனர். இத்தனை ஆண்டு காத்திருந்த அவர்கள், வீடு நெருங்க நெருங்க அஞ்சுகின்றனர். முதலில் எங்கேனும் அமர்ந்து ஏதேனும் அருந்திவிட்டுப் போகலாமே என்று ஹோமர் சொல்லிப் பார்க்கிறான். விடுமுறையில் ஊர் செல்லும் நம்மவர் எவர்க்கும் அந்த அச்சத்தின் சிறு சாயல் தெரிந்திருக்கும். வண்டி நிலையத்தை நெருங்கும்போது, அங்கே நம்மை எதிர்பார்ப்பவர் நாம் விட்டு வந்தவர்தாமா, நாமும் அவர்கள் எதிர்பார்ப்பவர்தாமா என்ற ஐயம் ஒரு கணம் எழத்தான் செய்கிறது.

முதலில் ஹோமர் இறங்குகிறான். பெற்றோரும் தங்கையும் ஓடி வருகின்றனர். அடுத்த வீட்டுப் பெண் வில்மா, அவனை மணப்பதற்கென்றே காத்திருந்தவள், வந்து தழுவிக்கொள்கிறாள். அவனோ இரு கைகளையும் தொங்கவிட்டபடி மரம்போல் நிற்கிறான். கொக்கிகளைக் கண்டதும் தாயால் விம்மலை அடக்க முடியவில்லை. அடுத்து ஆல் தம் இல்லத்தின் கதவைத் தட்டுகிறார். திறந்த மகனின் வாயைப் பொத்துகிறார். மகளையும் பேசாதிருக்கச் செய்கிறார். உள்ளே வேலையாக இருந்த மனைவி மில்லி, வந்தவர் யாரென்று கேட்கிறாள். மறுமொழி இல்லை. அந்த மௌனமே அவளுக்கு விடை சொல்லிவிடுகிறது. நீண்ட நடையின் இரு முனைகளிலிருந்தும் இருவரும் வந்து ஒன்றுசேரும் அக்காட்சியில் பேச்சே இல்லை. ஃப்ரெட் தன் ஏழைப் பெற்றோரின் வீட்டிற்குச் செல்கிறான். அவன் மனைவி அங்கே இல்லை. அவள் தனியே வீடெடுத்து, இரவு விடுதி ஒன்றில் வேலை செய்கிறாள் என்று அறிகிறான்.

இம்மூவரின் நிலை போர்க்களத்தில் ஒன்று, ஊரில் வேறு. களத்தில் ஃப்ரெட் அதிகாரி. ஊரில் அவன் மருந்துக் கடையில் சோடாவும் ஐஸ்கிரீமும் கலந்து கொடுத்தவன். ஆல் களத்தில் அவனினும் தாழ்ந்த சார்ஜண்டு. ஊரிலோ வங்கி அலுவலர். ஃப்ரெட் வேலை தேடி அலைகிறான். குண்டுகளைக் குறி பார்த்து வீசுவதில் அவன் தேர்ந்தவன். அத்தேர்ச்சியைக் கேட்பார் ஊரில் எவருமில்லை. கையிலிருந்த பணம் கரைந்ததும், பழைய மருந்துக் கடைக்கே திரும்புகிறான். வாரத்திற்கு முப்பத்திரண்டரை டாலர் சம்பளம். காப்டனாக இருந்தபோது மாதம் நானூறு டாலருக்கு மேல் பெற்றவன். சீருடையை மணந்த அவன் மனைவி மாரி, சீருடையைக் கழற்றியதும் அவனை வெறுக்கிறாள். தன் வாழ்வின் மிகச் சிறந்த ஆண்டுகளை அவனுக்காக வீணாக்கியதாக அவள் சீறுகிறாள். படத்தின் பெயர் அவள் வாயிலிருந்துதான் வருகிறது. உயிரைப் பணயம் வைத்த ஆண்டுகளைத் தந்தவன் முன்னிலையில் அச்சொல்லை அவள் சொல்லும்போது, அப்பெயரின் கசப்பு புலனாகும்.

ஆலுக்கு வேலைக் கவலை இல்லை. வங்கி அவரை உபதலைவராக உயர்த்தி, திரும்பி வந்த வீரர்க்குக் கடன் தரும் பொறுப்பை அளிக்கிறது. 1944-இல் அமெரிக்க அரசு இயற்றிய சட்டப்படி, வீரர் பெறும் கடனில் ஒரு பகுதிக்கு அரசே பிணை நிற்கும். நோவாக் என்றொரு வீரன் நாற்பது ஏக்கர் நிலம் வாங்க ஆறாயிரம் டாலர் கேட்டு வருகிறான். ஈடாக வைக்க அவனிடம் ஒன்றுமில்லை. ஆல் அவன் முகத்தைப் பார்க்கிறார், கைகளைப் பார்க்கிறார், கடனை அளிக்கிறார். வங்கித் தலைவர் முகஞ்சுளிக்கிறார். பின்னொருநாள் விருந்தில், சற்றே அளவு மீறிக் குடித்துவிட்ட ஆல் எழுந்து பேசுகிறார். போரில் ஒரு குன்றைக் கைப்பற்றுமாறு மேலதிகாரி கட்டளையிட்டபோது, ஈடு எதுவும் இல்லாமல் குன்றைப் பிடிக்க இயலாது என்று தாம் மறுத்ததாகவும், அதனால் போரே தோற்றுப்போனதாகவும் நகையாடிச் சொல்கிறார். அவையோர் சிரிக்கத் தயங்குகின்றனர். கணவர் அருந்தும் ஒவ்வொரு கோப்பைக்கும் மேசைத் துணியில் முள்கரண்டியால் ஒரு கோடு இழுத்துக்கொண்டிருந்த மில்லியின் கண்களில் அப்பொழுது பெருமிதம். வெளியில் யாவும் நலமாகத் தோன்றும் மனிதனுக்குள்ளும் போர் ஓயவில்லை என்பதனை அக்கோடுகள் நமக்குக் காட்டுகின்றன.

ஹோமரின் துன்பம் வேறுவகை. கொக்கியால் தீக்குச்சி கொளுத்துகிறான், துப்பாக்கி சுடுகிறான், பியானோவும் வாசிக்கிறான். அவனைத் துன்புறுத்துவது கை இல்லாமை அன்று, பிறர் கண்கள். ஒருசாரார் கொக்கியையே வெறிக்கின்றனர். மறுசாரார் அதனைப் பாராதிருக்கப் பாடுபடுகின்றனர். வில்மாவையும் விலக்கிவிட அவன் துணிகிறான். ஓர் இரவு, அவள் உண்மையைக் கண்டு ஓடிவிடட்டும் என்று தன் அறைக்கு அழைத்துச் செல்கிறான். தோளில் மாட்டிய வார்ப்பட்டைகளையும் கொக்கிகளையும் கழற்றிக் கட்டில்மேல் வைக்கிறான். இனிக் கதவு சாத்திக்கொண்டால் திறக்க முடியாது, சட்டைப் பொத்தானை மாட்ட முடியாது, பிறர் உதவிக்குக் குழந்தைபோல் கூவவேண்டும் என்று சொல்கிறான். வில்மா அழவில்லை, ஆறுதல் மொழி அடுக்கவும் இல்லை. அருகில் வந்து அவன் சட்டைப் பொத்தானை மாட்டுகிறாள். அன்பை ஓரிரு சொற்களில் சொல்லி, போர்வையை இழுத்துவிட்டுச் செல்கிறாள். பொத்தானை மாட்டுவது ஒரு வீட்டுவேலை. அவ்வளவே அவள் செய்தது. அதனால் அவன் வீடு திரும்பினான் என்றே கூறவேண்டும். வண்டியிலிருந்து இறங்கிய நாளில் அவன் வீடு திரும்பவில்லை.

ஹோமராகத் தோன்றிய ஹெரால்டு ரஸ்ஸல் நடிகரல்லர். மெய்யாகவே இரு கைகளையும் இழந்த வீரர். 1944 ஜூன் 6-ஆம் நாள், வட கரோலினாவில் பயிற்சியின்போது வெடிமருந்து கையிலேயே வெடித்தது. அவரைப் பற்றி இராணுவம் எடுத்த செய்திப்படத்தைக் கண்ட வைலர், கதையிலிருந்த பாத்திரத்தையே மாற்றி அவரை அமர்த்தினார். 1947-இல் இப்படம் ஏழு ஆஸ்கார் விருதுகளை வென்றது. துணை நடிகருக்கான விருது ரஸ்ஸலுக்கு. தம்மையொத்த வீரர்க்கு நம்பிக்கையும் துணிவும் ஊட்டியமைக்காக மற்றொரு சிறப்பு விருதும் அவருக்கே. ஒரே நடிப்பிற்கு இரண்டு ஆஸ்கார் பெற்றவர் அவரன்றி வேறெவருமில்லை. பின்னாளில் உடற்குறையுடையோர்க்கு வேலை கிடைக்கச் செய்யும் அரசுக் குழுவின் தலைவராக, 1964-இல் ஜனாதிபதி ஜான்சன் அவரை நியமித்தார். 1992-இல், மனைவியின் மருத்துவச் செலவுக்கென அவ்விருதுகளுள் ஒன்றை ஏலத்தில் விற்றார். அது 60,500 டாலருக்குப் போயிற்று. விருதைவிட மனைவி பெரிதென்று கருதியவர், 2002-இல் மறைந்தார்.

ஒளிப்பதிவாளர் கிரெக் டோலண்டின் திறனுக்கு ஒரு காட்சியைச் சான்று கூறலாம். மனைவி ஒருத்தி இருக்க, ஃப்ரெட் ஆலின் மகள் பெக்கியை விரும்புகிறான். ஆல் அவனைக் கண்டித்து, உறவை முறித்துக்கொள்ளச் சொல்கிறார். மதுக்கடையில் ஹோமர் கொக்கிகளால் பியானோ வாசிக்கிறான். ஆல் அருகில் நின்று கேட்கிறார். அதே சட்டத்திற்குள், தொலைவில் கதவோரமுள்ள கண்ணாடிக் கூண்டில் ஃப்ரெட் தொலைபேசியில் பெக்கியிடம் விடைபெறுகிறான். அவன் பேசுவது நம் செவிக்கு எட்டாது. அண்மையிலும் சேய்மையிலும் உருவங்கள் ஒரே தெளிவுடன் தெரிவதால், இன்பமும் துன்பமும் ஒரே அறைக்குள் ஒருங்கே நிகழ்வதைக் காண்கிறோம். ஆலின் செவி இசையில், கண் கூண்டின்மேல். நம் கண்ணும் அவ்வாறே.

வேலையும் போய், மனைவியும் போய், ஊரைவிட்டே போகத் துணிந்த ஃப்ரெட், எந்தத் திசையில் முதல் விமானம் செல்லுமோ அதில் ஏறுவதற்குக் காத்திருக்கிறான். அவனுடைய பதக்கச் சான்றிதழை வீட்டில் முதிய தந்தை குரல் தழுதழுக்கப் படிக்கிறார், மகனோ அங்கில்லை. நேரம் போக்க, ஒதுக்கப்பட்ட விமானங்களிடையே நடக்கிறான். எந்திரங்கள் கழற்றப்பட்ட பழைய குண்டு விமானம் ஒன்றில் ஏறி, தான் அமர்ந்த அதே மூக்கில் அமர்கிறான். தூசு படிந்த கண்ணாடி. வியர்வை அரும்பிய முகம். இசையிலேயே எந்திரங்கள் உறுமத் தொடங்குகின்றன. விமானம் அசையவேயில்லை, அவனோ மீண்டும் நெருப்பினூடே பறக்கிறான். கீழிருந்து ஒரு மேற்பார்வையாளன் அதட்டி இறங்கச் சொல்கிறான். அவ்விமானங்களைச் சிதைத்து வீடுகட்டப் பயன்படுத்தப் போவதாகக் கூறுகிறான். ஃப்ரெட் வேலை கேட்கிறான். இந்தத் தொழில் தெரியுமா என்று கேட்டதற்கு, தெரியாது, ஆனால் கற்றுக்கொள்ளத் தெரியும் என்ற பொருள்பட விடை சொல்கிறான். வேலை கிடைக்கிறது. அம்மனிதன் அவனை வாழ்த்தவில்லை, மாலையிடவில்லை, வேலை கொடுத்தான்.

இவ்விடத்தில் நம் குடும்பத்துச் செய்தி ஒன்றைக் கூறுவது பொருந்தும். நம் தாய்மாமன் படையில் பதினேழாண்டு பணியாற்றி ஹவில்தாராக ஓய்வுபெற்று, வேலூர் மாவட்டத்திலுள்ள நம் சிற்றூர் திரும்பினார். நாம் அப்பொழுது பள்ளிச் சிறுவர். மேளதாளத்துடன் வரவேற்றோம். எத்தனை பேரைச் சுட்டீர் என்று நாள்தோறும் நச்சரித்தோம். வைகறை நான்கு மணிக்கே எழுந்து முகமழித்து, செல்லுமிடம் ஒன்றுமின்றித் திண்ணையில் நேராக அமர்ந்திருந்த அவரைக் கண்டு நகைத்ததும் உண்டு. பின்னர் அவர் ஒரு வங்கியின் வாயிற்காவலரானார். அதனை ஊரார் ஒரு தாழ்வாகவே பேசினர். சென்ற விடுமுறையில் அதே திண்ணையில் அமர்ந்து இப்படத்தின் கதையை அவரிடம் சொன்னோம். வில்மா பொத்தான் மாட்டிய இடம் வந்ததும் கையமர்த்தி நிறுத்தினார். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “மாப்பிள்ளை, நான் வந்த அன்னைக்கு எல்லாரும் மாலை போட்டீங்க. மறுநாள் மாட்டைப் பிடிச்சுக் கட்டுன்னுகூட ஒருத்தரும் சொல்லல. அதுதான் தாங்கல” என்றார். இருபதாண்டுக்கு மேல் அவர் நெஞ்சில் கிடந்த சொல் அது. கேட்க நமக்கு ஓர் அயல்நாட்டுப் படம் தேவைப்பட்டது என்பது நாணத்திற்குரியதே.

படத்தில் குறை இல்லையா? உண்டு. கறுப்பின வீரர் பத்து இலட்சத்திற்கு மேற்பட்டோர் அப்போரில் பணிபுரிந்தனர். அவர்களுள் ஒருவருடைய வீடு திரும்புதலும் இக்கதையில் இல்லை. ஆல் அளித்தது போன்ற கடன் அவர்களில் பெரும்பாலோர்க்கு மறுக்கப்பட்டது என்பது வரலாறு. ஊர் சிலருக்கு ஒரு பொத்தான் தொலைவில் இருந்தது. சிலருக்கு எட்டாத் தொலைவிலேயே இருந்தது. இதனை நினைவிற்கொண்டு படத்தைப் பார்ப்பதே முறை.

நம் நாட்டிற்கும் இச்செய்தி அயலன்று. அதே இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் இருபத்தைந்து இலட்சம் பேர் சேர்ந்தனர்; போர் முடிந்ததும் பெரும்பாலோர் ஊர் திரும்பினர். 2022-இல் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தின்படி, சேரும் இளைஞர்களில் நால்வருக்கு ஒருவர் வரையே நான்காண்டுக்குப் பின் படையில் தொடர்வர் என்பது ஏற்பாடு. எஞ்சியோர் இருபது வயது கடந்த பருவத்திலேயே வீட்டுக் கதவைத் தட்டுவர். அவர்களுள் நம் சங்கத்துக் குடும்பப் பிள்ளைகளும் இருக்கக்கூடும்.

படம் ஹோமரின் திருமணத்தோடு முடிகிறது. கொக்கியால் மோதிரத்தைப் பற்றி வில்மாவின் விரலில் அவன் அணிவிக்கும்போது கூடியிருந்தோர் மூச்சடக்குகின்றனர். மோதிரம் நழுவவில்லை. எதிர்ப்புறத்தில் ஃப்ரெட் பெக்கியிடம், பணமும் இல்லை, நல்ல வீடும் இல்லை, ஆண்டுகள் பல பாடுபட வேண்டும் என்கிறான். அதைக் கேட்ட அவள் முகம் மலர்கிறது.

குடும்பத்தோடு காணத்தக்க படம் இது. ஒரே அமர்வில் இயலாவிடில் இரு இரவுகளாகக் காணலாம். கண்ட பின், ஊரில் யாரேனும் திரும்பி வந்து திண்ணையில் அமர்ந்திருந்தால், அடுத்த கடிதத்திலோ தொலைபேசியிலோ அவரிடம் ஒரு வேலை சொல்லுங்கள். ஓர் உதவி கேளுங்கள். நாமும் இப்பொழுதெல்லாம் சாளரத்தில் வாரண்டு நீட்டப்படும்போது, கையைப் பார்த்ததோடு நில்லாமல் சற்றுக் குனிந்து முகத்தையும் பார்த்துக்கொள்கிறோம்.